உபகாரிகள் எனப்படுவோர்: திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதியும் அரசுப் பள்ளிச் சீர்திருத்தமும்

லூக்கா 22:25இல் இயேசு தம் சீடரிடம் கூறும் சொல்லொன்றை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. புறவினத்தாரின் அரசர்கள் மக்களை அடக்கி ஆள்வதையும், அவ்வாறு ஆள்வோரே உபகாரிகள் என்னும் பெயர் பெறுவதையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்துக் குறிப்பிடுகிறார். மூலமொழியில் ‘எவுயெர்கெதேஸ்’ என வரும் இச்சொல் வெறும் பண்புப்பெயர் அன்று. அது ஒரு பட்டம். எகிப்தை ஆண்ட தாலமி மன்னருள் மூன்றாமவர் அதைத் தம் பெயரோடே சேர்த்துக்கொண்டார். கிரேக்க நகரங்களில் நீர்நிலையும் அரங்கும், இளைஞர் பயிலும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டிக்கொடுத்த செல்வர்க்கு, நகரமன்றம் அப்பட்டத்தைக் கல்லில் பொறித்து வழங்கிற்று. செல்வர் கொடுத்தனர், நகரம் புகழ்ந்தது, புகழப்பட்டவரைக் கேள்வி கேட்கும் உரிமை நகரத்துக்கு இல்லாமற் போயிற்று. கொடுப்பதை இயேசு இங்குக் கண்டிக்கவில்லை. கொடையும் ஆட்சியும் செய்துகொள்ளும் உடன்பாட்டைத்தான் அவர் தம் சீடரிடையே விலக்குகிறார்.

நம் நாட்களில் தமிழகத்து அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் சீர்திருத்தங்களுள் ஒன்றை இவ்வசனத்தின் வெளிச்சத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022 டிசம்பரில், அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் திட்டத்தைச் சென்னையில் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளிகளின் தேவைகளுக்காக நிறுவனங்களிடமும் முன்னாள் மாணவரிடமும் வெளிநாடுவாழ் தமிழரிடமும் நிதி திரட்டுவது அதன் குறிக்கோள். டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் தூதுவராகவும் அறிவிக்கப்பட்டனர். முதலமைச்சர் தம் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் வழங்கினார். இத்திட்டம் தனித்து நின்ற ஒன்றன்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், தன் 135ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதி, தொழிற்சாலைகள் நிறைந்த ஒவ்வொரு பகுதியிலும் பள்ளிக் கட்டடங்களை நாடிச் செல்லும் பணத்தை உண்டாக்கிற்று. அத்தகைய பகுதிகளுள் தமிழகத்தில் முதன்மையானது திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பரப்பே.

பணம் வருவதைப் பழிப்பது எளிது. கழிப்பறை இல்லாத பள்ளியில் பயிலும் பெண்பிள்ளையின் தாய்க்கு அப்பழிப்பால் பயனொன்றுமில்லை. மேலும், பள்ளிக்கு மக்கள் கொடுப்பது தமிழகத்தில் புதிய வழக்கமும் அன்று. காமராசர் ஆட்சிக் காலத்தில், கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்த ஆசிரியர் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுள் முதலாவது 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடிற்று. திருப்பெரும்புதூருக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத ஊர் அது. அம்மாநாடுகளில் ஊரார் நிலமும் மேசை நாற்காலியும் மணியும் கரும்பலகையும் கொடுத்தனர். பகலுணவுக்கு அரிசியும் பருப்பும் அளந்தனர்.

ஆகவே கடம்பத்தூர் செய்ததைத்தானே ஒரகடத்து ஆலைகளும் செய்கின்றன என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்கு நேர்மையான விடை தேவை. கடம்பத்தூரில் கொடுத்தவர் அப்பள்ளியில் தம் பிள்ளைகளை அமர்த்தியவரும் அவர்தம் அண்டை அயலாருமே. அவர்கள் கொடுத்ததை அரசு தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளக் காரணமாக்கவில்லை. புதிய பள்ளிகளைத் திறப்பதும் ஆசிரியரை நியமிப்பதும் ஊதியம் தருவதும் அந்த ஆண்டுகளில் விரிந்தனவேயன்றிச் சுருங்கவில்லை. மக்கள் கையால் தொடங்கிய பகலுணவு பின்னர் அரசின் கடமையாயிற்று. 1982இல் சத்துணவாக விரிந்தது. அன்று கொடையின் வழியே அரசு பள்ளிக்குள் மேலும் நுழைந்தது. இன்று அதே வாசல் வழியே அரசு வெளியேறிக்கொண்டிருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

இத்தொழிற்பகுதியின் வரலாறு அக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது முதல், சிப்காட் நிறுவனம் ஏரிப் பாசன நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த கிராமங்களினூடே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பூங்காக்களை அமைத்தது. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என அவை தொடர்ந்தன. ஆலைகளை ஈர்ப்பதற்காக அரசு நிலத்தை ஒழுங்குசெய்து கொடுத்தது. நீரும் மின்சாரமும் தந்தது. கட்டவேண்டிய வரியைத் திருப்பியளிக்கும் சலுகைத் தொகுப்புகளையும் ஒப்பந்தங்களில் எழுதிக்கொடுத்தது. 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில், பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ஆலையன்று. சிப்காட்டின் வழியே அரசே கட்டியது. செலவு 706.50 கோடி ரூபாய். அது வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்டது, இலவசமன்று என்று சொல்லலாம். தொழிலாளர்க்கு நல்ல தங்குமிடம் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. 2021 டிசம்பரில் விடுதியுணவால் நோயுற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நாடே கண்டது. ஆயினும் கணக்கைச் சற்று நிமிர்ந்து பார்ப்போம். இலாபமீட்டும் ஆலையின் தொழிலாளர் உறங்குவதற்கு அரசு கட்டடம் எழுப்புகிறது; அரசுப் பள்ளியின் பிள்ளைகள் அமர்வதற்கு வகுப்பறை வேண்டி அதே அரசு ஆலைகளை நோக்கிக் கை நீட்டுகிறது. வரியாக வந்திருக்க வேண்டிய பெருந்தொகை சலுகையாகத் திரும்பிச் செல்கிறது. அதில் ஒரு சிறுபகுதி பெயர்ப்பலகையோடு கொடையாக வந்து சேர்கிறது. வரியாக வந்திருந்தால் அது எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்திருக்கும். கொடையாக வரும்போது கொடுப்பவரே முடிவு செய்கிறார்.

அம்முடிவு எத்திசையில் செல்லும் என்பதைச் சட்டமே காட்டிவிடுகிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்பது 135ஆம் பிரிவின் வாசகம். எனவே நெடுஞ்சாலையோரப் பள்ளிக்குத் திறன்பலகை வரும். உத்திரமேரூருக்குத் தெற்கே, ஆலையேதுமற்ற ஊரின் பள்ளிக்கு யார் வருவார்? ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதே பொதுக்கல்வியின் பணி எனில், இப்பணம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆலைகள் நிலைத்து நிற்பவையும் அல்ல. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் தன் கதவுகளை மூடிற்று. ஆசிரியர் ஒருவருடைய பணிக்காலம் முப்பதாண்டு. எட்டாண்டில் மறைந்துபோகும் உபகாரியை நம்பி எந்தப் பள்ளி தன் நாளையைத் திட்டமிட முடியும்? கொடைகள் பெரும்பாலும் கட்டடமாகவும் கருவியாகவும் வருவதன் காரணமும் இதுவே. திறப்புவிழா நடத்துவதற்குக் கட்டடம் உதவும். ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

இலாபம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இத்திட்டங்களில் எவரும் பிள்ளைகளிடம் கட்டணம் பெறவில்லை. நிறுவனம் பணத்தை இழக்கத்தானே செய்கிறது? வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்யப்படும் செயல் சமுதாயப் பணியாகக் கணக்கிடப்படாது என்று விதிகள் கூறுகின்றன. அரசியல் கட்சிக்கு வழங்கும் நன்கொடையும் கணக்கில் வராது. தாளில் இக்கோடு தெளிவாக உள்ளது. ஒரகடத்தில் அது அத்துணைத் தெளிவாக இல்லை. இப்பகுதியின் மின்னணு ஆலைகள் வேலைக்கெடுப்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை, அவர்களுள்ளும் பெருமளவில் கிராமப்புறப் பெண்களை. பள்ளி எதைக் கற்பிக்கிறது, எந்த ஒழுங்கைப் பழக்குகிறது, எந்த வயதில் பிள்ளைகளைக் கல்லூரி நோக்கியோ ஆலை வரிசை நோக்கியோ திருப்புகிறது என்பன ஆலைக்கு அயலான செய்திகள் அல்ல. ‘திறன்’ என்னும் சொல் கல்விக்கொள்கைகளில் எவ்வளவுக்கெவ்வளவு பெருகுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு யாருடைய தேவைக்கான திறன் என்று வினவுவது நம் கடமை.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று இத்தொழிற்பகுதிக்கே உரியதாக இருக்கிறது. பிற இடங்களில் பள்ளிக்குக் கொடுப்பவர் தொலைவிலுள்ள ஒருவராக இருக்கலாம். இங்கு அவர் மாணவனின் தந்தைக்கு வேலை கொடுப்பவராகவும் இருக்கக் கூடும். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றை விதித்து, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கு வரும் நிதியின் செலவைக் கண்காணிப்பது அக்குழுவின் பொறுப்புகளுள் ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு தாய் அக்குழுவில் அமர்ந்து, தன் ஆலை கட்டிய வகுப்பறையின் தரத்தைப் பற்றியோ அதன் பெயர்ப்பலகையைப் பற்றியோ குறைகூற இயலுமா? 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் ஆலைத் தொழிலாளர் சுங்குவார்சத்திரம் அருகே வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவுசெய்யும் உரிமைக்கே உயர்நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிட்டிற்று. ஆலைக்குள் கூடிப் பேசுவதற்கு இவ்வளவு இடையூறு இருக்கும் நிலத்தில், ஆலைக்கு வெளியே பெற்றோர் என்ற முறையில் அவர்களுக்கு எஞ்சியுள்ள பேச்சுரிமையின் இடம் அரசுப் பள்ளி. அவ்விடத்திலும் முதலாளியையே உபகாரியாக அமர்த்திவிடுவது சீர்திருத்தமாகுமா?

உத்திரமேரூரைக் குறிப்பிட்டோம். பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்குண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மறுபடியும் தேர்வுபெறலாகாது என்று அது விதிக்கிறது. அது நிலமுடைய பிராமணரின் சபையே. மக்களாட்சியின் பொற்காலம் என அதைப் பாடுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் பொதுப்பணத்துக்குக் கணக்கு என்னும் கருத்தை இம்மாவட்டம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை.

அரசியலாரின் பங்கையும் பேசியாக வேண்டும். அரசுப் பள்ளியில் அரசியல் கலக்கலாகாது என்பது மேடைப்பேச்சு. பொதுப்பணத்தால் நடக்கும் பள்ளி அரசியலன்றி வேறென்ன? காமராசரின் பள்ளிகளும் அரசியலின் விளைவே. கேள்வி, அவ்வரசியல் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது என்பது. 2010இல் இயற்றப்பட்ட சமச்சீர்க் கல்விச் சட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். மெட்ரிகுலேஷன் பள்ளி நிருவாகங்கள் அதனை நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்றன. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை நிறுத்திவைத்தது. அச்சிட்ட நூல்கள் கிடங்குகளில் கிடந்தன. ஆகஸ்டு 9 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், பிள்ளைகள் பாடநூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். அண்மையில், பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட மறுத்த காரணத்தால் 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழகத்துக்கு விடுவிக்காமல் நிறுத்திற்று. 2025 மே மாதம் மாநில அரசு உச்சநீதிமன்றம் சென்றது. கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று தில்லி சொல்வதை உரிமைப்பறிப்பு எனத் தமிழகம் சரியாகவே கண்டித்தது. அவ்வாறாயின், தன் விருப்பத்துக்கேற்பப் பள்ளியைத் தெரிந்தெடுத்துப் பணம் தரும் ஆலையின் கொடைக்கு மட்டும் பாராட்டுரை எப்படிப் பொருந்தும்?

2024 டிசம்பர் இறுதியில் தனியார் பள்ளிச் சங்க விழா ஒன்றில் எழுந்த செய்தி இக்குழப்பத்தின் உச்சம் எனலாம். 500 அரசுப் பள்ளிகளின் தேவைகளைத் தனியார் பள்ளிகள் ஏற்றுக்கொள்ளும் என அங்கு அறிவிப்பு எழுந்தது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியே கண்டித்தது. அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, பள்ளிகளைத் தத்துக்கொடுக்கவோ தாரைவார்க்கவோ இல்லை என்று 2025 ஜனவரித் தொடக்கத்தில் விளக்கினார். அவ்விளக்கத்தை நாம் ஏற்கிறோம். ஆயினும் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வெளியேறுவதையே தம் வளர்ச்சியாகக் கொண்ட நிறுவனங்கள் அதன் காப்பாளராக வந்து நிற்கக்கூடும் என்ற எண்ணம் மேடையில் இயல்பாக ஒலிக்க முடிந்தது என்பதே கவலைக்குரியது.

இவ்வழி எங்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. 2000இல் அறிவிக்கப்பட்ட அகாடமிப் பள்ளித் திட்டத்தில், புரவலர் ஒருவர் சுமார் 20 லட்சம் பவுண்டு வாக்களித்தால் போதும். கட்டடச் செலவின் மிகப்பெரும் பகுதியையும் ஆண்டுச் செலவு முழுவதையும் அரசே ஏற்றது. ஆனால் ஆளுநர் குழுவின் பெரும்பான்மையை நியமிப்பவர் புரவலர். 2006இல், கொடைக்கு ஈடாக அரசப் பட்டங்கள் பேசப்பட்டனவா என்று காவல்துறை விசாரித்த வேளையில் இப்பள்ளித் திட்டத்தின் பெயரும் அதில் அடிபட்டது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆயினும் எவுயெர்கெதேஸ் என்னும் பழைய பட்டம் நினைவுக்கு வராமற் போகாது. புரவலருள் அந்நாட்டுத் திருச்சபையும் ஒன்றாயிருந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

மறைநூல் கொடையைப் பற்றி வேறோர் இலக்கணம் வைத்திருக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவும், சிந்திய கதிரைப் பொறுக்காமல் விடவும் நிலத்துக்குரியவன் கட்டளை பெறுகிறான். அவன் எடுத்துக் கொடுப்பதில்லை, விட்டுவிடுகிறான். எளியவரும் அந்நியரும் வந்து தமக்குரியதை எடுத்துக்கொள்கின்றனர். யார் எடுக்கலாம் என்று தெரிந்தெடுக்கும் அதிகாரம் நிலத்துக்குரியவனுக்கு இல்லை. ரூத்து போவாசின் வயலுக்கு முதலில் சென்றது அவனுடைய தயவை நம்பி மட்டுமன்று. அச்சட்டம் தந்த உரிமையாலும்தான். இலாபத்தில் 2 விழுக்காடு என்னும் விதியை இவ்விலக்கணத்தின்படி திருத்துவது கற்பனையன்று. அத்தொகையின் கல்விப் பங்கு பொது நிதியொன்றில் பெயரின்றிச் சேரட்டும். தேவையின் அளவுப்படி மாவட்டங்களுக்குப் பிரியட்டும். பள்ளி மேலாண்மைக் குழு அதன் கணக்கை ஊர்நடுவே வாசிக்கட்டும். நிறுவனங்கள் இதை விரும்பா என்பது நமக்குத் தெரியும். விரும்பாமைக்கான காரணம் என்ன என்பதே அவர்கள் கொடையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் எழுதியபின், திருச்சபை இதைச் சொல்லத் தகுதியுடையதா என்ற கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 1891இல் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பஞ்சமர் என அன்று அழைக்கப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து அறிக்கை எழுதினார். ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ முதலிய அருட்பணியாளர் அம்மக்களின் நிலவுரிமைக்காகக் குரலெழுப்பினர். 1892இன் பஞ்சமி நில ஆணை அதன் பின்னரே வந்தது. சேரிகளில் அவர்கள் திறந்த சிறு பள்ளிகள், ஊராரின் எதிர்ப்புக்கிடையே நின்றவை. அவையும் அரசு மானியத்தால் நடந்தவையே. 1854இன் உட் அறிக்கை வகுத்த மானிய முறையில் வளர்ந்தவர் நாம்; தனியார் கையில் பொதுப்பணம் என்னும் ஏற்பாட்டின் மூத்த பயனாளிகள் நாமே. அப்பணத்தைக் கொண்டு யாருக்குக் கற்பித்தோம் என்பதுதான் அன்று நமக்கிருந்த நியாயம்.

1991-92ஆம் ஆண்டுக்குப்பின் தொடங்கும் பள்ளிகளுக்கு மானியமில்லை என்று அரசு முடிவு செய்தபின் நம் பாதை மாறிற்று. தமிழ்வழி உதவிபெறும் பள்ளிகள் மெலிய, அவற்றின் வளாகங்களுக்குள்ளேயே கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் எழுந்தன. சிறுபான்மை உரிமை என்னும் அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு, எளிய சமூகமொன்றின் பாதுகாப்புக்காகத் தரப்பட்டது. கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கியபோது, அதே உறுப்பைக் காட்டிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கோரின. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்விலக்கை முழுமையாக வழங்கிற்று. இதன்படி, ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்குச் சட்டம் திறந்த கதவு, அக்கம்பக்கத்து வணிகப் பள்ளியில் ஓரளவேனும் திறந்திருக்க, சிலுவை பொறித்த வாயிலுள்ள பள்ளியில் திறந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டாயமின்றியே ஏழைகளைச் சேர்க்கிறோம் என்று சில நிருவாகங்கள் கூறும். சேர்க்கின்றன என்பதும் உண்மையாயிருக்கலாம். ஆனால் அது மறுபடியும் உபகாரியின் மொழியே: எத்தனை பேர், யார் யார் என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் பிரமதித் தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு அதை ஆராய வேண்டும் எனத் தலைமை நீதிபதியின் முன் வைத்தனர். அவ்வாறு ஆராயப்படும் வேளையில் கிறிஸ்தவப் பள்ளிகளின் பெயரால் வழக்குரைஞர்கள் ஏதேனும் வாதிடுவர். அவ்வாதத்தின் வாசகம் திருமண்டலப் பேரவைகளின் முன் வைக்கப்படவேண்டும் என்றும், ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வாங்கிய கட்டணத்தின் கணக்கும், ஆலைகளிடமிருந்து நம் நிறுவனங்கள் பெற்ற கொடைகளின் கணக்கும் அதனுடன் வாசிக்கப்படவேண்டும் என்றும் கேட்பதற்கு, சபைப் பிரதிநிதிகளுக்கும் ஆயர்களுக்கும் முழு உரிமை உண்டு.